வெட்டுமுன் விரித்துப் பார்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பாகிய உரை)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் பழந்துணி. இலக்கியத் தொடரிலே பழந்துணிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இந்துக் கல்லூரியொன்றிலே தமிழ் கற்பிக்கும் ஒருவன், ஊசியில் நூல் கோக்கவும் ஒழுங்காகத் தெரியாதவன், துணியைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்றும் கேட்கலாம். இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை எங்கள் வீட்டு றங்குப் பெட்டி ஒன்றினுள் இருந்தது. அதனைத் திறப்பதற்கு முன்னர், எனக்குப் பழக்கமான சொற்களில் இருந்து தொடங்குகின்றேன்.

துணி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். துணித்தல் என்றால் வெட்டுதல். தறியில் நெய்த நீண்ட பாவிலிருந்து அறுத்து எடுக்கப்படுவதனால் அது துணியாயிற்று. சங்க காலத்தில் ஆடைக்கு அறுவை என்றும் ஒரு பெயர் இருந்தது. அதுவும் அறுத்தல் என்ற வினையின் வழி வந்ததே. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு சங்கப் புலவர் இருந்தார். இன்றைய பேச்சிலே சொன்னால் அவர் ஒரு புடைவைக் கடைக்காரர். நாம் தோளிலே போடும் துண்டும் பெயரளவில் ஒரு துண்டுதான். ஆகவே, வெட்டுப்படுதல் என்பது துணிக்கு இடையிலே நேரும் விபத்து அன்று. அதன் பிறப்பே அப்படித்தான். அதே 'துணி' என்ற சொல்லுக்கு முடிவு செய், மனத்திடங் கொள் என்ற பொருளும் உண்டு. ஒரு பழஞ்சேலையின் மேல் கத்தரிக்கோலை வைப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைச் சென்ற ஆண்டுதான் நான் அறிந்துகொண்டேன்.

என் தாயார் 2018இல் காலமானார். அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒரு றங்குப் பெட்டியும் இருந்தது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு நூற்சேலைகளும், அடியிலே, பழைய வேட்டித் துண்டொன்றிலே சுற்றப்பட்டு அவருடைய கூறைச் சேலையும் இருந்தன. அரக்கு நிறம், அகலமான சரிகைக் கரை. அது வாங்கப்பட்ட 1976இல் இந்நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. இந்தியப் பட்டு கண்ணிற் படுவதே அருமை. அம்மப்பா எங்கெங்கோ அலைந்து, யார் யாரிடமோ சொல்லி வைத்து அதை வாங்கினாராம். அந்தக் கதையை அம்மா சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம்.

அம்மாவின் மறைவுக்குப் பின்னர் நான் அந்தப் பெட்டியைப் பூட்டினேன். திறப்பை என் மேசை லாச்சியில் வைத்துக்கொண்டேன். அம்மாவைப் பேணுவதாகவே எண்ணினேன். ஏழு ஆண்டுகள் கழிந்தன. உயர்தர வகுப்பிலே படிக்கும் என் மகள் ஒரு நாள் வந்து கேட்டாள்.

"அப்பா, அப்பம்மாவின்ர கூறையை நான் எடுக்கட்டே? கரையை வெட்டிப் புதுச் சட்டைக்கு வைக்கலாம். மிச்சத்திலை கதிரைக்குக் குஷன் உறை தைக்கலாம். இப்ப கன பேர் அப்பிடித்தான் செய்யினம்."

"கை வைக்காதை. அது அப்பம்மாவின்ர ஞாபகம்" என்றேன்.

அன்றிரவே கனடாவில் இருக்கும் தங்கச்சி தொலைபேசியில் வந்தாள். மகள்தான் முந்திச் சொல்லியிருக்கிறாள். "அண்ணா, எனக்கும் அதிலை ஒரு துண்டு வேணும். பெட்டியிலை பூட்டி வைச்சு நீங்கள் என்ன செய்யப் போறியள்?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் கூறையைத் துண்டு போடுவதற்கு இவர்களுக்கு எப்படி மனம் வருகின்றது என்று நினைத்தேன். ஆனால் அவளுடைய கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. மறுமொழி இல்லாத ஆசிரியன் புத்தகங்களிடம் போவான். நானும் போனேன்.

முதலிலே என் கைக்கு வந்தது பொருநராற்றுப்படை. முடத்தாமக்கண்ணியார் கரிகாற் பெருவளத்தானைப் பாடியது. பரிசில் பெற வந்த பொருநனின் உடையைப் புலவர் ஒளிவு மறைவின்றிக் காட்டுகின்றார். அதிலே பேனும் ஈரும் குடியிருக்கின்றன. வியர்வையில் நனைந்து ஊறிய துணி. கிழிந்த இடமெல்லாம் வேறு வேறு நூலால் இழுத்துத் தைக்கப்பட்டிருக்கின்றது. மன்னன் அதைக் களையச் செய்து, இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத நுண்மையும் பூவேலைப்பாடும் கொண்ட, பாம்பு உரித்த தோல் போன்ற ஆடையைக் கொடுக்கின்றான். புறநானூற்றிலே ஆய் அண்டிரனைப் பாடும் துறையூர் ஓடைகிழாரும் தம் கந்தையைப் பற்றிச் சொல்கின்றார். எத்தனையோ தையல் போட்ட அந்தத் துணி யாழ்ப்பத்தரின் முதுகுப்புறத்தைப் போல இருக்கின்றதாம். அந்தத் தையல்களின் இடுக்கிலே ஒளிந்திருக்கும் பேன்களைத் தம் பகைவருள் ஒரு கூட்டமாகவே அவர் எண்ணுகின்றார்.

இவற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று பழந்துணியும் ஒட்டுத்தையலும் நாகரிகமாகிவிட்டன. ஒட்டுப்போட்ட விரிப்பொன்றைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கந்தையை உடுத்தவன் அதனை அழகென்று சொல்லவில்லை என்பதை நம் பழம்புலவர்கள் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். பொருநன் தன் கந்தையைக் களைந்தபோது நிச்சயமாக அழுதிருக்கமாட்டான். வறுமையிலே விளைந்த ஒன்றை அழகென்று எடுப்பவர்கள், அதன் பின்னால் இருந்த குளிரையும் பசியையும் ஒரு தடவையாவது நினைக்கவேண்டும். அது நாம் செலுத்த வேண்டிய கடன்.

அதேவேளை, தைத்த கையின் திறமையையும் நம் முன்னோர் மறக்கவில்லை. சிலப்பதிகாரத்திலே இளங்கோவடிகள் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும்போது, பொற்கொல்லர், தச்சர், நெய்வோர் முதலியோரின் வரிசையிலே துன்னகாரருக்கும் ஓர் இடம் கொடுக்கின்றார். துன்னகாரர் என்றால் தையற்காரர். கிழிந்ததைச் சேர்ப்பதும் ஒரு கலை என்று ஒப்புக்கொண்ட சமுதாயம் அது.

அடுத்து நான் தேடிச் சென்றது பௌத்த விநய நூல்களில் வரும் ஒரு கதை. நம் நாட்டிலே பலரும் அறிந்திருக்கக்கூடியது. கோசாம்பி மன்னன் உதேனனின் அரசியர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானமாகக் கொடுக்கின்றார்கள். மன்னனுக்கு ஐயம் வருகின்றது. துறவிக்கு இத்தனை ஆடைகள் எதற்கு, கடை வைக்கப் போகின்றாரா என்று நினைத்து நேரிலே கேட்கின்றான். சீவரம் நைந்துபோன பிக்குகளுக்குப் பகிர்ந்து கொடுப்போம் என்கிறார் ஆனந்தர். அவர்களுடைய பழைய சீவரங்களை என்ன செய்வீர்கள்? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறைகளை? தரை விரிப்பாக்குவோம். அதுவும் பழசானால்? கால் துடைக்கும் துணி. அதன் பின்னர்? தூசு தட்டும் துணி. அதுவும் நைந்தால்? நறுக்கி இடித்துச் சேற்றோடு குழைத்துத் தரை மெழுகுவோம். மன்னனுக்கு இனிக் கேட்பதற்குக் கேள்வி இல்லை. மனம் மகிழ்ந்து இன்னும் ஐந்நூறு ஆடைகளைக் கொடுக்கின்றான்.

பிக்குமாரின் சீவரம் இன்றும் ஒரே துணியாக இருப்பதில்லை. துண்டு துண்டாக வெட்டித்தான் தைக்கப்படுகின்றது. மகத நாட்டு வயல்களை வரம்புகளோடு பார்த்த புத்தர் பெருமான், அதே அமைப்பில் சீவரத்தைத் தைக்கலாமா என்று கேட்க, ஆனந்தர் தைத்துக் காட்டினார் என்பது விநயம் தரும் செய்தி. வயலைப் போல ஓர் ஆடை! வெட்டிய துணிக்கு இதைவிட மேலான உவமை இருக்கின்றதா என்று எனக்குத் தெரியாது.

ஆனந்தரின் அந்த வரிசையை வாசித்தபோது எனக்கு எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளிலே இதே வரிசை எழுதாத சட்டமாக இருந்தது. நூற்சேலை ஒன்று வெளியே உடுத்த முடியாதவாறு பழசானால் வீட்டுச் சேலையாகும். அதுவும் மெலிந்தால் வீட்டில் பிறந்த குழந்தைக்கு ஏணை. கிழியாத பாகத்திலே சின்னப் பிள்ளைக்குப் பாவாடை. மிச்சத்திலே தலையணை உறை. பின்னர் அடுப்படியிலே சூட்டுப் பானை இறக்கும் பிடிதுணி. பின்னர் வாசலிலே கால் துடைக்கும் துணி. அப்பாவின் பழைய வேட்டி என்றால் அதற்குத் தனி மரியாதை. கிழித்துத் திரித்து விளக்குத் திரியாக்குவார்கள். பரிசாரியார் மருந்து புடமிடும்போது சட்டியின் வாயை மூடிச் சுற்றுவதற்குச் சேறு பூசிய துணி கேட்பார். அதற்குச் சீலைமண் என்று பெயர். ஆனந்தர் சொன்ன கடைசிப் படியிலேயே நம் சீலையும் மண்ணோடு சேர்ந்தது பாருங்கள். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழியை நாம் சுத்தத்துக்காகச் சொல்வதாகவே பாடம் நடத்துகின்றோம். அதற்குள் இன்னொரு பொருளும் உண்டு. கந்தையானாலும் அது கட்டத் தக்கது, எறியத் தக்கதன்று.

இந்தக் கந்தை என்ற சொல்லுக்கு வடக்கே ஓர் உறவினர் இருக்கின்றார். வங்காளத்திலே பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுச் செய்யும் விரிப்புக்குக் காந்தா என்று பெயர். நம் கந்தையும் அவர்களுடைய காந்தாவும் ஒரே வடசொல்லின் வழி வந்தவை என்பர் அகராதியார். நாம் அச்சொல்லை இழிவிலே விட்டோம். அவர்கள் அதைக் கலையாக உயர்த்தினார்கள். நூலுக்கும் அவர்கள் கடைக்குப் போகவில்லை. பழஞ்சேலையின் நிறக்கரையிலிருந்தே இழை இழையாக உருவி எடுத்தார்கள். அந்த இழையால் தாமரையும் மீனும் தேரும் பறவையும் தைத்தார்கள். பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கு, விருந்தினரை இருத்துவதற்கு, புத்தகத்தைப் பொதிவதற்கு, குளிருக்குப் போர்ப்பதற்கு என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அளவில் காந்தா இருந்தது. நாட்டுப்புறக் கலைகளைத் தேடித் திரட்டிய குருசதய் தத் அவர்கள் சேர்த்த காந்தாக்களைக் கொல்கத்தாவிலே அவர் பெயரால் அமைந்த நூதனசாலை பேணி வந்தது.

இந்தக் காந்தாவை வைத்து ஒரு காவியமே எழுந்தது. வங்கக் கவிஞர் ஜசிமுத்தீன் 1929இல் 'நக்ஷி காந்தார் மாட்' என்ற நீண்ட கதைப்பாடலை வெளியிட்டார். சித்திரக் கந்தை வயல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். ரூபாய் என்ற உழவனும் சாஜு என்ற பெண்ணும் அன்புற்று மணம் முடிக்கின்றார்கள். அறுவடைச் சண்டையொன்றில் அகப்பட்ட ரூபாய் ஊரை விட்டு ஓடவேண்டி வருகின்றது. அவன் வரவை எதிர்பார்த்திருக்கும் சாஜு, தங்கள் வாழ்வின் காட்சிகளை ஒரு காந்தாவிலே தைத்துக்கொண்டே இருக்கின்றாள். அவன் வரவில்லை. இறக்கும் தறுவாயில், அந்தக் காந்தாவைத் தன் சமாதியின்மேல் விரிக்கும்படி தாயிடம் சொல்கின்றாள். காலம் கழித்து, அந்தச் சமாதியருகே ஒருவன் காந்தாவைப் போர்த்தபடி இறந்து கிடப்பதை ஊரார் காண்கின்றார்கள். எழுதத் தெரியாத பெண்ணுக்கு ஊசி எழுதுகோலாகவும் பழஞ்சேலை ஏடாகவும் ஆகின்றன என்பதே அந்தக் காவியத்தின் உயிர் என நான் கருதுகின்றேன்.

வங்காளத்திலிருந்து வெகு தூரத்திலே, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, ஆற்று வளைவொன்றுக்குள் ஜீஸ் பென்ட் என்ற கிராமம் இருக்கின்றது. பருத்தித் தோட்டத்து அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். குளிர் புகும் மரவீடுகளிலே பிள்ளைகளைப் போர்ப்பதற்காக அவ்வூர்ப் பெண்கள் பழைய வேலையுடுப்புகளை வெட்டிப் போர்வைகள் தைத்தார்கள். மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். அவர் வயலில் உழைத்தபோது போட்டிருந்த உடுப்புகளையெல்லாம் எடுத்து அவர் ஒரு போர்வை தைத்தார். கணவரை நினைப்பதற்கும் அந்த அன்புக்குள் போர்த்துக்கொண்டு படுப்பதற்கும் அதைத் தைப்பதாகத் தாய் சொன்னதை, அப்போது உடனிருந்து உதவிய மகள் பல ஆண்டுகளுக்குப் பின்னர் நினைவுகூர்ந்தார். 2002இல் அவ்வூர்ப் போர்வைகள் ஹூஸ்டன் நகர நுண்கலை நூதனசாலையிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் திணைக்களம் அவற்றை முத்திரைகளாகவும் வெளியிட்டது.

அந்தப் பெண்ணின் செய்தியை வாசித்த இடத்திலே நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அவர் தம் கணவரின் உடுப்பைப் பெட்டியில் பூட்டவில்லை. வெட்டினார். வெட்டியதனால் அன்பு குறைந்தது என்று யார் சொல்லமுடியும்? அப்படியானால் நான் ஏழு ஆண்டுகள் பேணியது எதை?

மறுநாள் காலையில் திறப்பை மகளிடம் கொடுத்தேன். மண்டபத்துத் தரையிலே வெள்ளைத் துணி விரித்து, கூறையை அதன்மேல் வைத்து மெல்ல விரித்தாள். முதல் மடிப்பு திறந்தது. இரண்டாவது மடிப்பிலே, தாள் கிழிவது போன்ற ஒரு சிறு சத்தம். மூன்றாவதிலும் அப்படியே. பட்டு மடிப்புக் கோடு நெடுகிலும் பிளந்திருந்தது. யாரும் இழுக்கவில்லை, யாரும் வெட்டவில்லை. பெட்டிக்குள் பூட்டியிருந்தபடியே அது கிழிந்திருந்தது.

பின்னர் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டு ஓர் உயிர்நார். ஒரே இடத்திலே ஆண்டுக்கணக்காக மடிந்து கிடந்தால் அந்தக் கோட்டிலே இழை தளர்ந்துவிடும். நல்ல சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன் பூச்சிட்டது; மடிப்பிலே அந்த உலோகம் பட்டை அறுக்கும். உடுத்தபோது பட்ட வியர்வையும், நம் நாட்டு ஈரக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனாலேதான் அம்மா ஆண்டில் இரண்டு மூன்று தடவை சேலைகளை எடுத்து, நிழலிலே காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைப்பார். அது பெண்களின் வெறும் பொழுதுபோக்கு என்று நான் நினைத்திருந்தேன். அம்மா பேணினார். நான் பூட்டினேன். இரண்டும் ஒன்றல்ல.

அந்த நேரத்திலே மகள் ஒன்றைக் கவனித்தாள். "அப்பா, இந்த இடம் ஏன் இப்பிடித் தேய்ஞ்சு போய்க் கிடக்கு? இதென்ன கறை?" என்று கேட்டாள். சேலையின் ஒரு தலைப்பில் கயிறு உராய்ந்த தேய்வு. அதற்குக் கீழே மங்கலான ஒரு கறை. நான் அவளுக்கு அதுவரை சொல்லாத கதையை அப்போதுதான் சொன்னேன்.

1995 ஒக்டோபர் 30. எனக்கு 14 வயது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. இலட்சக்கணக்கான சனம், இருட்டு, மழை. நாவற்குழியை நெருங்கும்போது ஓர் அடி எடுத்து வைப்பதற்கு எத்தனையோ நேரம் நிற்கவேண்டியிருந்தது. அம்மா தன் பொட்டலத்தைப் பொலித்தீனிலே சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். சித்தியின் கையிலே பிறந்து இரண்டு மாதமான ஆண்பிள்ளை. விடிந்த பின்னர் சாவகச்சேரிப் பக்கத்திலே ஒரு மாந்தோப்புக்குள் ஒதுங்கினோம். எங்கள் உடுப்பெல்லாம் நனைந்து பிழிந்த நிலை. பிள்ளை விறைத்துப்போய் அழுதுகொண்டே இருந்தது. கிடத்துவதற்குக் காய்ந்த நிலம் ஓர் அடியும் இல்லை.

அம்மா பொட்டலத்தை அவிழ்த்தார். நனையாமல் இருந்தது கூறை ஒன்றுதான். அதை எடுத்து மாங்கொப்பிலே கயிறு போட்டு ஏணை கட்டத் தொடங்கினார். சித்தி பதறிப்போனார்.

"அக்கா, கூறையெல்லே! வேண்டாமக்கா."

"பிள்ளை நித்திரை கொள்ளட்டும். சீலை பிள்ளையைவிடப் பெரிசே?"

அவ்வளவுதான் அம்மா சொன்னது. பிள்ளை தூங்கியது. அந்தக் கறை அந்தப் பிள்ளையின் கறை. அந்தத் தேய்வு அந்தக் கயிற்றின் தேய்வு. 1996இல் ஊருக்குத் திரும்பியபோது வீட்டிலே கதவும் இல்லை, யன்னலும் இல்லை. கூறை மட்டும் எங்களோடு திரும்பி வந்தது.

கதையைச் சொல்லி முடித்தபோது, மகளின் கையிலிருந்த கத்தரிக்கோல் தரையில் இருந்தது. இனி அவள் வெட்டமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் கேட்டது வேறு. "அப்ப அப்பம்மாவே இதைப் பூட்டி வைக்கேல்லை. நாங்கள் ஏன் வைக்கவேணும்?"

நேயர்களே, ஒரு கேள்வியிலே பிள்ளைகள் நம்மை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள்.

அதன் பின்னர் நாங்கள் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெட்டி இருந்தால் பயன்படலாம். துணி முழுவதையும் பகல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். எங்கே இழை தளர்ந்திருக்கின்றது, எங்கே உறுதியாக இருக்கின்றது என்பது அப்போது தெளிவாகத் தெரியும். உறுதி இல்லாத துணியைக் குஷன் உறையாகத் தைத்தால் நாலு பேர் சாய்ந்தவுடன் கிழிந்துவிடும். சாயம் போகுமா என்று அறிவதற்கு, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்திப் பார்க்கவேண்டும். பட்டா, பருத்தியா, செயற்கை இழையா என்ற ஐயம் வந்தால், ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கவனமாக எரித்துப் பார்க்கலாம். பட்டு எரிந்தால் மயிர் பொசுங்கிய மணம் வரும். பருத்தி கடதாசி போல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி மணிபோல உறையும். பழைய பட்டை யன்னல் திரையாகப் போடக்கூடாது. வெயில் நிறத்தையும் தின்னும், நாரையும் தின்னும். எதைத் தைத்தாலும் பழைய துணியின் பின்னால் ஒரு பருத்தித் துணியை உட்துணியாக வைக்கவேண்டும். அப்போது பாரத்தைப் புதியது தாங்கும்; பழையது முகத்தை மட்டும் காட்டும். வெட்டாமல் வைக்கும் துணியைப் பொலித்தீன் பைக்குள் அடைக்காமல், தோய்த்துக் காய்ந்த பழைய வெள்ளை நூல்துணியிலே சுற்றிவைக்கவேண்டும். மடிப்பதைவிட ஒரு தடியிலே சுருட்டுவது நல்லது.

கூறையின் சரிகைக் கரையும் முந்தானையும் உறுதியாகவே இருந்தன. கரையில் ஒரு முழத்தை மகளின் சட்டைக் கைகளுக்கு வைத்தோம். இன்னொரு முழத்தைத் தங்கச்சிக்கு அனுப்பினோம். அவள் அதை ஒரு குஷன் உறையின் நடுவிலே தைத்து, அம்மாவின் படத்துக்குக் கீழே இருக்கும் கதிரையில் வைத்திருக்கிறாள். முந்தானையைப் பருத்தித் துணியின்மேல் தைத்து, வெயில் படாத உட்சுவரிலே மாட்டினோம். பிளந்த உடற்பகுதியில் கயிறு தேய்த்த இடத்தையும் கறையையும் வெட்டவில்லை. அதை வெள்ளைத் துணியிலே சுருட்டி வைத்திருக்கின்றோம். பெட்டிக்கு இப்போது பூட்டு இல்லை.

அப்படியானால் அந்த நூற்சேலைகள்? அவை அம்மா அன்றாடம் உடுத்தவை. தோய்த்துத் தோய்த்துப் பூப்போல மெதுவாகிவிட்டவை. அவற்றுள் நாலைந்தை எடுத்து, வங்கப் பெண்களைப் போல அடுக்கடுக்காக வைத்து, ஓரங்களிலிருந்து நூல் உருவி மகள் ஒரு விரிப்புத் தைத்தாள். அவளுடைய தையல் நேராக வரவில்லை. நானும் பக்கத்தில் இருந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தேன். அதற்கு எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

அந்த விரிப்பு யாருக்கு என்று கேட்பீர்கள். மாங்கொப்பிலே கட்டிய ஏணையிலே உறங்கிய அந்தப் பிள்ளைக்கு இன்று முப்பது வயது. அண்மையிலே அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தோராம் நாள் நாங்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சித்தி விரிப்பைக் கையில் வாங்கி முகத்தோடு வைத்து மணந்து பார்த்தார். "அக்காவின்ர அந்த நீலக் கோட்டுச் சீலையெல்லே இது" என்றார். பின்னர் பேத்தியை அதிலே கிடத்தினார்.

வெட்டுவதா, வைப்பதா என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் விடை ஒன்று இல்லை. ஆனால் முதலில் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பெட்டியைத் திறந்து அந்தத் துணியை விரித்துப் பாருங்கள். யார் உடுத்தது, எங்கே கிழிந்தது, யார் தைத்தது என்று வீட்டிலே மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அறிந்தபின் வெட்டினாலும் அது அழியாது. அறியாமல் பூட்டினால், வெட்டாமலே அழிந்துபோகும்.